பீரோவுக்குள் எரிந்த பல்பு

எங்கள் வீட்டில் ஒரு பீரோவுக்குள் வருடம் முழுவதும் பல்பு எரிந்துகொண்டிருக்கும். மலைக்குக் கீழேயிருந்து வருகிற உறவுக்காரர்கள் அதை முதல்முறை பார்த்தால், கதவை மூடியதும் அணைகிறதா என்று திறந்து திறந்து பார்ப்பார்கள். அணையாது. அது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு இருக்கிற சரிவில் மழை தொடங்கிவிட்டால் செருப்பு ஒரே வாரத்தில் பச்சை பிடிக்கும். கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை படரும். சர்டிபிகேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் கொடைக்கானலில் பல வீடுகளில் மரப் பீரோவின் அடித்தட்டில் ஒரு பல்பை மாட்டி எரியவிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அதை வழக்கம் என்று சொல்ல முடியாது. என் கணவருக்கு அது ஒரு வேண்டுதல் மாதிரி.

அவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். சாக்பீஸ், காகிதம், மைக்ராஸ்கோப், பாட்டுக் குழுவின் கோயர் உடுப்பு என்று எதிலும் ஈரம் ஏறாமல் காப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு காப்பாற்ற அவருக்கு மிஞ்சியது எங்கள் வீடு மட்டும். எல்.இ.டி. பல்பு வந்தபோது அவர் மனம் உடைந்துபோனார். சூடு தராத பல்பு அவரைப் பொறுத்தவரை பல்பே கிடையாது. வத்தலகுண்டு, திண்டுக்கல் என்று போகிற இடத்திலெல்லாம் பழைய குண்டு பல்புகளைத் தேடி வாங்கிவந்து, முட்டையை அடுக்குவதுபோல் அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். போன நவம்பரில் அந்தப் பெட்டியில் நாற்பது வாட்டும் அறுபது வாட்டும் தீர்ந்து நூறு வாட் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை மாட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் பீரோவில், நூறு வாட்டுக்கு நேர் மேல்தட்டில், என்னுடைய லேப்டாப் இருந்தது.

அந்த லேப்டாப்பில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். ஐந்து வருடமாக நான் இந்த மலையின் பெரணிச் செடிகளைப் படம் எடுத்துவந்தேன். பூக்காத, காய்க்காத, யாரும் நின்று பார்க்காத செடிகள். பாறை இடுக்கிலும் ஓடைக் கரையிலும் மரப்பட்டையிலும் வளர்பவை. சனிக்கிழமை தோறும் கணவரையும் இழுத்துக்கொண்டு வெள்ளகவி நடைபாதையில் இறங்கியோ, தாண்டிக்குடி காபித் தோட்டத்துப் பக்கம் ஜீப்பில் போயோ எடுத்த படங்கள். ஒரு இலையைக் கூடக் கிள்ளக் கூடாது என்பது காட்டுக்குள் போக எனக்குக் கிடைத்த அனுமதிக் கடிதத்தின் மூன்றாவது வரி. அதனால் செடியைக் காயவைத்து வைத்துக்கொள்ள வழியில்லை, படம் மட்டும்தான். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பாளர் அதைப் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டிருந்தார். பெரணியைப் பற்றிப் படத்தோடு தமிழில் ஒரு கையேடு. பிப்ரவரி கடைசிக்குள் எல்லாம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடம், எந்த மாதம் என்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அது கையேடு இல்லை, காலண்டர் என்று சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொன்னார். திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் அனுமதிக் கடிதம் முடிந்துவிட்டது, என் முழங்கால் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

என்னுடைய முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறிப்பெழுதிய நோட்டுகளெல்லாம் தூறலில் நனைந்து, ஜெல் பேனா மை கரைந்து, நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தன. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரு பட்டியலாகத் தட்டி முடித்ததும், தொல்லை விட்டது என்று நோட்டுகளைக் கணப்பில் போட்டு எரித்தவள் நானேதான். இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். இன்டர்நெட்டில் ஏற்றலாம் என்றால் மழைக்காலத்தில் எங்கள் சரிவுக்கு நெட் விருந்தாளி மாதிரி வந்துபோகும். தனியாக ஒரு டிஸ்க் வாங்கலாம் என்றால், அடுத்த முறை கீழே இறங்கும்போது, அடுத்த முறை இறங்கும்போது என்று ஐந்து வருடம் இறங்கி ஏறிவிட்டேன். போதாக்குறைக்கு, லேப்டாப்பை அணைக்கவும் மாட்டேன். மூடியைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். அது பாதித் தூக்கத்தில் தானாகவே ஏதோ அப்டேட் பண்ணிக்கொண்டு, பீரோவுக்குள், நூறு வாட் பல்புக்கு மேலே கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எடுத்துத் திறந்தேன். கையில் தோசைக்கல்லைத் தூக்கிய மாதிரி இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: டிஸ்க் இல்லை.

இல்லை என்றால் எங்கே போனது? ஐந்து வருடம் உள்ளே இருந்தது ஒரு ராத்திரியில் எப்படி இல்லாமல் போகும்? பதினாறு தடவை அணைத்துப் போட்டேன். பதினாறு தடவையும் அதே வரி. என் கணவர் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். "ஈரம் ஏறிருக்கும் டீச்சர்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கூடவே நீ என்றும் சொல்வார். அன்றைக்கு அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கவர் விற்கிற கடையில் லேப்டாப்பும் பார்ப்பார்கள். அந்தக் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் தகட்டை உருவி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்.

"மேடம், எஸ்.எஸ்.டி. டெட். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன். ஒன் அவர் சோலி."

"உள்ள இருக்கிற ஃபைல்?"

"ஃபைல்னா? வெட்டிங் போட்டோவா மேடம்?"

"பெரணி."

அவர் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது போச்சுங்க மேடம். பழைய டிஸ்க்னா உள்ள தட்டு சுத்தும், எதாச்சும் பண்ணலாம். இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் சிப்பு. போனாப் போனதுதான். புதுசு போட்டுரட்டா?"

போட்டுவிடுங்கள் என்று நான் சொல்லாமல், அந்தப் பச்சைத் தகட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் அன்றைக்கு உருப்படியாகச் செய்தேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சேதி பரவியது. ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அரிசிக்குள் புதைக்கச் சொன்னார்கள், ஜெபம் பண்ணச் சொன்னார்கள், தம்பி மகன் பெங்களூரில் கம்ப்யூட்டரில் இருக்கிறான், அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். எல்லோரும் கடைசியில், காப்பி எடுத்து வைக்கலையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஒரு மனிதரைப் பார்த்திருந்தால் அவருக்கு அன்றைக்கே விருந்து வைத்திருப்பேன்.

அங்கே இங்கே விசாரித்து, அழிந்துபோன தகவல்களை மீட்டுத் தருகிற ஒரு பெண் திண்டுக்கல்லில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, புதன்கிழமைக்கு நேரம் வாங்கினேன். கிளம்பும்போது தகட்டைத் தேடினால் நான் வைத்த மேஜை டிராயரில் இல்லை. என் கணவர் போய்ப் பீரோவைத் திறந்தார். சுத்தமான கைக்குட்டையில் சுற்றி, அடித்தட்டில், பல்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டு நாளாக. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

வத்தலகுண்டு தாண்டும்வரை பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்து ஜன்னலை நன்றாகச் சாத்திவிட்டார்.

அந்தப் பெண்ணின் வேலையிடம் ஒரு மாவு மில்லுக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"இதை எங்கங்க வெச்சிருந்தீங்க?"

என் கணவர் முந்திக்கொண்டார். "ரெண்டு நாளு பல்புல காய வெச்சிருக்கேம்மா. ஒரு பொட்டு ஈரம் இருக்காது."

அந்தப் பெண் கைக்குட்டையை மடித்து அவரிடமே நீட்டினார். "ஐயா, இது வடகம் இல்லைங்க" என்றார்.

எனக்கு அவரை அந்த நொடியிலேயே பிடித்துப்போனது.

தகட்டை ஒரு சின்னக் கூட்டில் மாட்டி, தன் கருவியில் செருகிவிட்டுக் காத்திருந்தார். திரையில் ஏதோ எண்கள் ஓடின. ஓடுகிறது, ஓடுகிறது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். நாலு நிமிடத்தில் எல்லாம் நின்றுபோய்விட்டது. அவர் தகட்டின் நடுவில் இருந்த சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தார்.

"மொத்தமாச் சாகலைங்க. இந்தச் சிப்புதான் இதுக்கு மூளை. இதுக்கு அடியில பொடிப்பொடியா ஈயம் வெச்சு ஒட்டியிருப்பாங்க. அதுல எங்கயோ விட்டுப்போச்சு. குளுந்து கெடக்குறப்ப தொட்டுக்கிட்டு இருக்கு, சூடானா விலகிருது. அம்புட்டுத்தான்."

"எதனால விட்டுப்போச்சு?" என்று நான் கேட்டேன். கணவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அது சொல்ல முடியாதுங்க. தானாகவும் போகும்." பிறகு அவரும் என் கணவரைப் பார்த்தார். "பல்பு நல்லது பண்ணியிருக்காது."

சிப்பைப் பிடுங்கித் திரும்ப ஒட்டலாமா என்று கேட்டேன். அது கடைசி வழி, அதில் எல்லாமே போனாலும் போய்விடும் என்றார். முதலில் குளிர வைத்துக் குளிர வைத்து, நாலு நாலு நிமிடமாக, உள்ளே இருப்பதை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துப் பார்ப்போம் என்றார். வைத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"நூத்துல ஆறு பங்குதாங்க வந்திருக்கு. இங்க ஒன்பது மணிக்கெல்லாம் வெக்கை. கீழ மில்லு வேற ஓடுது, தரையே சுடுது. ஃபிரிட்ஜுல வெச்சா வெளிய எடுத்ததும் வேர்த்து ஊத்தும், தண்ணி பட்டா அதோட முடிஞ்சுச்சு. நீங்க கொடைக்கானல்தான? அங்கதான் ஊரே ஃபிரிட்ஜு மாதிரி கெடக்கே. நீங்களே வெச்சுப் பண்ணுங்க."

அப்படித்தான் டிசம்பர் கடைசியில் ஒரு சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரும், ஒரு காலி டிஸ்க்கும், அவர் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் எங்கள் வீட்டுக்கு வந்தன. குறிப்பு எளிமையாகத்தான் இருந்தது. செருகு. திரையில் கோடு நகரும். நின்றால் உருவு. பத்து நிமிடம் ஆறவிடு. திரும்பச் செருகு. விட்ட இடத்திலிருந்து அது தானே தொடரும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்: குளிர் வேண்டும், ஈரம் கூடாது.

பாருங்கள் இந்த அநியாயத்தை. வீட்டில் ஒரு பொருள்கூடக் குளிரக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட மனிதர், இப்போது ஒரே ஒரு பொருளைக் குளிரில் வைத்துக் காவல் காக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அரைப் பரீட்சைத் தாள்கள் கிடந்தன. வேறு ஆளில்லை. அவரிடம்தான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

வெள்ளனே ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் என்னுடைய பழைய மஃப்ளர். பின்வராந்தாவில் மேஜை போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, தகட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். அது ஜனவரி. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் தகடு இருபது நிமிடம், சில நாள் இருபத்தைந்து நிமிடம்கூட ஓடியது. நின்றதும் உருவி, தன் கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்து, திரும்பச் செருகுவார். இடையில் நான் காபி கொண்டுபோய் வைத்தால், ஆவி தகட்டில் படும் என்று தம்ளரை வாங்கி வராந்தாவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோவார்.

ஒருநாள் வானம் தெளிவாக இருக்கும்போதே எழுந்து எல்லா ஜன்னலையும் சாத்தினார்.

"எதுக்குச் சாத்துறீங்க? நல்லாத்தான ஓடிக்கிட்டிருக்கு?" என்று கத்தினேன்.

"மேகம் எறங்குது டீச்சர்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, தகட்டைப் பொட்டலம் கட்டி டப்பாவில் வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி எதிர்வீட்டுக் கூரையே தெரியாமல் போனது. அந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டேன், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பத்தொன்பது காலைகள். கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரைக்கும் வந்து, அதற்கு மேல் எத்தனை தடவை செருகினாலும் நகராமல் நின்றது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பெண் நகலுக்குள் தேடி, படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, புது டிஸ்க்கில் போட்டு, அதை என் லேப்டாப்பிலேயே மாட்டித் தந்தார். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். நான் மில் சத்தத்துக்கு நடுவில் நின்று அழுதேன். அவர் என்னை அழுது முடிக்கவிட்டார். பிறகு சொன்னார்.

"படம் பூராம் இருக்குங்க. ஆனா பேரு இல்ல. எந்தப் படம் எந்த ஃபோல்டரு, என்ன பேருன்னு ஒரு எடத்துல தனியா எழுதி வெச்சிருக்கும். அந்த எடம்தான் வரவே இல்ல. உங்க பட்டியல் ஃபைலும் அதோட போச்சு."

ஒன்று, இரண்டு, மூன்று என்று மூவாயிரத்துக்கும் வெறும் எண்கள். வெள்ளகவியும் தாண்டிக்குடியும் மழையும் வெயிலும் கலந்து கிடந்தன. பெரணியின் பெயர் எனக்குத் தெரியும், இலையைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரே பெரணி பத்து இடத்தில் வளரும். இது எந்தப் பாறை, எந்த மாதம்? கிட்டத்தில் போய் எடுத்த படத்தில் இலையும் ஈரக்கல்லும் தவிர வேறென்ன தெரியும்?

"படத்துக்குள்ளயே தேதி இருக்குமே, கேமரா போட்டிருக்குமே" என்றேன். அவ்வளவு பதற்றத்திலும் அது ஞாபகம் வந்தது எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் பார்த்தார். ஒரு படம் ஜனவரி ஒன்று. இன்னொன்று ஜனவரி ஒன்று. எல்லாமே ஒரே வருடத்து ஜனவரி ஒன்று. "கேமரா கடிகாரம் ஓடவே இல்லைங்களே. பேட்டரியக் கழட்டிக் கழட்டிப் போட்டீங்களா?"

நான் மெல்லத் திரும்பினேன். என் கணவர் சுவரில் இருந்த சாமி காலண்டரை ரொம்ப கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றித் துடைத்து, பல்புப் பீரோவில் வைப்பது அவர் வழக்கம். டார்ச்சு, ரேடியோ, சுவர்க் கடிகாரம் என்று எங்கள் வீட்டில் எதற்கும் பேட்டரி உள்ளே தங்காது, துருப்பிடிக்குமாம். கேமராவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகப் பிறந்து, தன் முதல் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அது தேதியைச் சரிபண்ணச் சொல்லிக் கேட்கும், நான் அவசரத்தில் ஓகே அமுக்கிவிடுவேன். நோட்டில்தான் எழுதுகிறேனே என்று.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். முப்பது வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. பல்பு, பேட்டரி, கைக்குட்டை, நூறு வாட், எல்லாம். "நீங்க காப்பாத்துறேன்னு கெளம்பின எதுவும் இந்த வீட்டுல உருப்பட்டதில்ல" என்றேன். அவர் பீரோவுக்குப் போய், திறந்து, பல்பைக் கழற்றினார். அந்தப் பீரோ இருண்டு கிடந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அதைப் பார்த்தும் என் ஆத்திரம் தணியவில்லை. தணிந்தது என்று எழுதினால் பொய்.

பதிப்பாளருக்கு முடியாது என்று மெயில் எழுதத் தொடங்கினேன். அவரும் ஒருவகையில் என் கோபத்துக்கு உரியவர்தான். போன வருடமே, படங்களில் கட்டைவிரல் தெரிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். இலையின் அளவு தெரிய ஏதாவது பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஸ்கேலை முதல் மாதமே வெள்ளகவிப் பாதையில் ஓடையில் விட்டுவிட்டோம். அன்றிலிருந்து அந்த இடத்தில் என் கணவரின் கட்டைவிரல். "வெரலை வைங்க" என்பேன், வைப்பார். ஐந்து வருடத்துப் பெரணிகளுக்கும் அதுதான் அளவு.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நான் மெயிலை முடிக்க முடியாமல் படங்களை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார். அவ்வளவுக்குப் பிறகும் எட்டிப் பார்க்கிற தைரியம் அவருக்குத்தான் வரும்.

"இது தாண்டிக்குடி. எஸ்டேட்டு பம்ப் ரூமுக்குப் பின்னாடி" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நகத்தப் பாரு. கறுத்திருக்கு. அன்னைக்கு வரும்போதுதான் ஜீப்புக் கதவுல நசுங்குச்சு. 'வெரலப் பாறையில வைக்கச் சொன்னா கதவுல வைக்கிறீங்க'ன்னு திட்டுன."

அடுத்த படம். "இது வெள்ளகவி, ரெண்டாவது எறக்கம். பிளாஸ்க் மூடியத் தொலச்சேன். 'முப்பத்தொரு வருசம் ஸ்டோர் பாத்த மனுசனுக்கு ஒரு மூடியப் பாத்துக்க முடியலையா'ன்ன."

அடுத்தது. "இதும் வெள்ளகவிதான், ஓடை தாண்டி. நான் மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். கீழயிருந்து சாமான் ஏத்திக்கிட்டு மட்டக்குதிரை வந்துச்சு. 'உங்களக் கூட்டிட்டு வந்ததுக்கு அதக் கூட்டிட்டு வந்திருக்கலாம், பையாவது தூக்கும்'ன்ன. மே மாசம், ஸ்கூல் லீவு."

நான் சொன்னதா இதெல்லாம்? எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. அவர் குறையாகச் சொல்லவில்லை. ஸ்டோரில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே போனார். அட்டை கடித்துக் கத்தியதற்கு ஒரு திட்டு. குடையை நிழல் விழும்படி பிடித்ததற்கு ஒரு திட்டு. நேரம் தவறிச் சாப்பிடக் கேட்டதற்கு ஒரு திட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு மாதம்.

முதலில் நான் நம்பவில்லை. எனக்கே நிச்சயமாகத் தெரிந்த படங்களை இடையிடையே செருகிச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நகத்தின் கறுப்பு அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்து, பிறகு வெட்டுப்பட்டுப் போனதை வைத்து அந்த ஆறு மாதப் படங்களை வரிசைப்படுத்தினேன், அவர் சொன்ன மாதங்களோடு அது பொருந்தியது. புதிதாக ஒரு பட்டியலைத் திறந்து தட்ட ஆரம்பித்தேன். மூன்று வாரம், தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல, இடம், மாதம் என்று தட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தாவது நாளுக்குப் பிறகு அழுகையாகவும் வந்தது. சந்தேகமானதையெல்லாம் விட்டுவிட்டும், புத்தகத்துக்கு வேண்டிய நூற்று நாற்பது பெரணிகளில் நூற்று முப்பத்தொன்பதுக்கு இடமும் மாதமும் கிடைத்துவிட்டன.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. சின்ன இலை, ஓரத்தில் வெயில் பட்டுத் தங்கமாக இருக்கிறது. பக்கத்தில் அவர் கட்டைவிரல், நகம் சுத்தமாக, காயமில்லாமல். படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எனக்கு இடம் நினைவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டத்தில் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியல டீச்சர்" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லிருக்க மாட்ட. சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிரிக்கவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அந்தப் படத்துக்கு நேரே இடம் தெரியவில்லை என்று தட்டினேன். பதிப்பாளருக்கு எல்லாவற்றையும் அனுப்பி, கட்டைவிரலை எந்தப் படத்திலும் வெட்டக் கூடாது என்று எழுதினேன். பிறகு எழுந்துபோய், அட்டைப் பெட்டியில் கிடந்த அந்த நூறு வாட் பல்பை எடுத்துவந்து, பீரோவில் காலியாக இருந்த ஹோல்டரில் நானே மாட்டினேன்.

"லேப்டாப்பு மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றேன். திட்டாமல் சொன்னதால் அதை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.